வீட்டுக்குப் போன ஹார்ட் டிஸ்க்குகள்

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னைக்கு ஒரு நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பொட்டி தட்டுற வேலையில இருக்கறவனைக் கண்டா நம்ம சனங்க கேட்கிற கேள்விகள் ஒரு பத்து இருக்கும். "எந்த லேப்டாப் வாங்கலாம்?" அதுல முதல். இப்போ புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. "பேக்கப் எடுக்கணும், ஆனா யார் கையில மாட்டினாலும் திறக்கக் கூடாது. பாஸ்வேர்டு போட்ட எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எது நல்லது?"

நல்ல கேள்விதான். கடைக்குப் போனா எல்லா அட்டைப் பெட்டியிலயும் ஒரே வாசகம்தான் இருக்கு: "256 பிட் ஏஇஎஸ். ராணுவத் தரம்." ஆயிரம் ரூபாய் கூடக் குடுத்து வாங்குற டப்பாவிலும் அதேதான், நம்பர் பொத்தான் எல்லாம் வச்ச விலை உசந்த டப்பாவிலும் அதேதான். அப்போ எதை வச்சுத் தேர்ந்தெடுக்கிறது? ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்த மாடல் அடுத்த வருஷம் கடையில இருக்காது. அதனால இந்தப் பூட்டுங்க எப்படி வந்துச்சு, எப்படி எல்லாம் உடைஞ்சுதுன்னு வரலாறைச் சொல்றேன். அது தெரிஞ்சா எந்த வருஷத்துலயும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம்.

ரெண்டு வீடு, ரெண்டு கதை

1998. கலிபோர்னியாவில் பிக்ஸார் கம்பெனியில "டாய் ஸ்டோரி 2" வேலை மும்முரமா நடந்துட்டிருந்தது. யாரோ ஒருத்தர் யூனிக்ஸ் மெஷினில் கோப்புகளை அழிக்கிற கமாண்டைத் தப்பான இடத்தில் ஓட விட்டுட்டார். கதாபாத்திரங்களின் கோப்புகள் கண்ணு முன்னாடியே ஒண்ணொண்ணா மறைய, மெஷினோட பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினாங்க. அதுக்குள்ள படத்தில் சுமார் 90 சதவீதம் காலி. சரி, பேக்கப் டேப் இருக்கேன்னு போனா, அது ஒரு மாசமா சரியாவே வேலை செய்யலை!

படத்தைக் காப்பாத்தினது கேலின் சஸ்மன்ங்கிற தொழில்நுட்ப இயக்குநர். கைக்குழந்தை இருந்ததால வீட்டிலிருந்தே வேலை பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தோட ஒரு நகல் இருந்தது. அந்த மெஷினைப் போர்வையில சுத்தி, காரில் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிட்டு வர்ற மாதிரி பத்திரமா ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தாங்களாம். பிறகு கதையையே பெருமளவு மாத்தித் திரும்ப எடுத்தாங்க, 1999 நவம்பரில் படம் வந்துச்சு. அது வேற விஷயம்.

2006 மே 3. இதுவும் அமெரிக்காதான், மேரிலேண்டு மாநிலம். முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையில் வேலை பார்த்த ஒரு ஊழியர் வீட்டில திருட்டு. போனது ஒரு லேப்டாப், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அதுல 2 கோடியே 65 லட்சம் பேரோட பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் இருந்தது. மறையாக்கம் எதுவும் கிடையாது. பப்பரப்பேன்னு திறந்தே கிடந்துச்சு. மே 22 அன்னைக்குத்தான் ஊருக்கே சொன்னாங்க. ஜூன் கடைசியில் ரெண்டு பொருளும் திரும்பக் கிடைச்சுது. யாரும் திறந்து பார்த்ததா தெரியலைன்னு எஃப்பிஐ சொன்னாங்க. இருந்தாலும் வழக்கு நடந்து, 2009ல் 2 கோடி டாலர் குடுக்க அரசு ஒத்துக்கிச்சு.

கவனிச்சீங்களா? ரெண்டு பேர் செஞ்சதும் ஒரே காரியம். ஆபீஸ் டேட்டா வீட்டுல இருந்தது. ஒருத்தங்க வீட்டு நகல் ஒரு படத்தையே காப்பாத்துச்சு. இன்னொருத்தர் வீட்டு நகல் ரெண்டரைக் கோடிப் பேரைத் தூங்க விடாம பண்ணிடுச்சு. பேக்கப்போட தலைவலியே இதுதான். தொலையாம இருக்கணும்னா நகல் நிறைய வேணும், பல இடத்தில வேணும். கசியாம இருக்கணும்னா நகல் கம்மியா இருக்கணும், ஒரே இடத்தில இருக்கணும். இந்த ரெண்டு ஆசையையும் ஒரே நேரத்துல நிறைவேத்த ஒரே வழி, வெளியே போற நகலுக்குப் பூட்டுப் போடறதுதான்.

கதவே பூட்டா இருந்த காலம்

ஆரம்பத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. 1956ல் ஐபிஎம் கொண்டு வந்த ஐபிஎம் 350தான் உலகத்தின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன் கிட்ட. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், அதாவது சுமாரா 5 எம்பி. இன்னைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோ. அதை யாரு தூக்கிட்டுப் போவா? அறைக்கதவும் வாசல்ல நிக்கிற வாட்ச்மேனும்தான் அன்னைக்கு என்கிரிப்ஷன்.

1980ல் சீகேட் கம்பெனி அதே 5 எம்பியை 5.25 அங்குல டப்பாவுக்குள்ள அடக்கிட்டாங்க. 2000ல் யூஎஸ்பி 2.0 தரம் வந்தது. அதுக்கப்புறம் டிஸ்க் பெட்டியை விட்டு வெளியே வந்து சட்டைப் பையில ஏறிடுச்சு. இப்போ 1 டிபி டிஸ்க் ஒண்ணு அந்த ஐபிஎம் பெட்டி 2 லட்சத்துக்குச் சமம். ஆட்டோவில மறந்து வச்சுட்டுப் போற அளவுக்குச் சின்னது. டேட்டா கதவைத் தாண்டிப் போயிடுச்சு, பூட்டும் அதுகூடவே போக வேண்டியதாச்சு.

56 பிட்டின் கதை

பூட்டுக்குள்ள இருக்கிற கணக்கை முதல்ல பார்த்துடுவோம்.

1970களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் என்பவர் "லூசிஃபர்"னு ஒரு மறையாக்க முறையை உருவாக்கினார். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஒரு முறையைத் தேடினப்போ, ஐபிஎம் இதைச் செதுக்கிக் குடுத்தது. 1977 ஜனவரியில் அது டிஇஎஸ்ங்கிற பேரில் அரசுத் தரம் ஆச்சு. இடையில என்எஸ்ஏ உளவு அமைப்பு உள்ளே புகுந்து சாவியோட நீளத்தில் கை வைக்கப் பார்த்தது. அவங்க கேட்டது 48 பிட். ஐபிஎம் கேட்டது 64. காய்கறிக் கடை பேரம் மாதிரி கடைசியில் 56ல் வந்து நின்னுது.

56 பிட்னா சுமார் 72 ஆயிரம் லட்சம் கோடி சாவிகள். கேட்க மலைப்பா இருக்கும். ஆனா டிஃபி, ஹெல்மன் ரெண்டு பேரும் இது பத்தாதுன்னு அப்பவே கத்தினாங்க. 1998 ஜூலையில் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷன் அதை நிரூபிச்சுக் காட்டிடுச்சு. இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், 1800க்கும் மேற்பட்ட சில்லுகளை அடுக்கி ஒரு மெஷின் கட்டினாங்க. 56 மணி நேரத்தில் சாவி கையில! அடுத்த ஜனவரியில், இணையத்தில் பல ஊர்க் கம்ப்யூட்டர்களோட சேர்ந்து, 22 மணி 15 நிமிஷத்தில் முடிச்சாங்க.

இதுக்கு மாற்று தேட 1997லேயே என்ஐஎஸ்டி போட்டி அறிவிச்சிருந்தது. இந்தத் தடவை எல்லாமே திறந்த மேடையில். 15 முறைகள் போட்டிக்கு வந்தன. ஒருத்தர் முறையை இன்னொருத்தர் உடைக்கப் பார்க்கலாம், பார்த்தாங்க. 5 பேர் இறுதிச் சுற்று. 2000 அக்டோபர் 2ல் ஜெயிச்சது பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச "ரைண்டால்". அமெரிக்க அரசுத் தரத்துக்கு பெல்ஜியம்காரங்க! 2001 நவம்பரில் அதுதான் ஏஇஎஸ் ஆச்சு. 2003ல் 192, 256 பிட் சாவிகளோட இதை உச்ச ரகசியத் தகவல்களுக்கும் பயன்படுத்தலாம்னு அமெரிக்கா அனுமதிச்சது. அட்டைப் பெட்டியில் போடற "ராணுவத் தரம்" இங்கேருந்து வந்ததுதான்.

ஏஇஎஸ்ஸில் இருக்கிறதிலேயே சின்னது 128 பிட் சாவி. 1998ல் டிஇஎஸ்ஸை உடைச்ச அதே மெஷின் அதே வேகத்தில் இதைத் தேடினா, பிரபஞ்சத்தின் வயசைப் போல 200 கோடி மடங்குக்கு மேல ஆகும். 256 பத்திப் பேசவே வேண்டாம். கணக்கைப் பொறுத்தவரை 2001லேயே வேலை முடிஞ்சுடுச்சு. அதுக்கப்புறமும் ஹார்ட் டிஸ்க் பூட்டுங்க ஏன் உடைஞ்சுட்டே இருந்துச்சு? அதுதான் இந்தப் பதிவோட மெயின் மேட்டர்.

டேப் போன வழி

வீட்டு டிஸ்க்குக்கு முன்னாடி அடி வாங்கினது கம்பெனி டேப்புகள். 2005 பிப்ரவரியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களின் கார்டு விவரம் இருந்த பேக்கப் டேப்புகள் தொலைஞ்சு போச்சுன்னு அறிவிச்சது. அதே ஜூனில் சிட்டிஃபைனான்ஷியல், 39 லட்சம் வாடிக்கையாளர் விவரம் இருந்த டேப்புகள் கூரியரில் போகும்போது காணாம போச்சுன்னு சொன்னது.

2005ல் மட்டும் திடீர்னு டேப் தொலைய ஆரம்பிச்சுடுச்சா? வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததுதான் புதுசு. 2003 ஜூலை 1ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு. மக்களோட விவரம் அந்நியர் கைக்குப் போனா, அவங்களுக்குத் தெரிவிச்சே ஆகணும். ஆனா அந்த விவரம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தா தெரிவிக்கத் தேவையில்லை. இந்த ஒரு விலக்கு கம்பெனிகளை ஓட வச்சுது பாருங்க! மானம் காக்க மறையாக்கம். 2007ல் வந்த எல்டிஓ-4 டேப் தலைமுறையில் 256 பிட் ஏஇஎஸ்ஸை டிரைவுக்குள்ளேயே வச்சுட்டாங்க.

அதே 2007 அக்டோபரில் பிரிட்டன் வருமான வரித்துறை ரெண்டு சிடியைத் தபாலில் அனுப்பிச்சு. குழந்தைகள் உதவித்தொகை வாங்குற 72 லட்சத்து 50 ஆயிரம் குடும்பங்கள், ரெண்டரைக் கோடி மனிதர்களின் விவரம். போய்ச் சேரவே இல்லை. நவம்பர் 20 அன்னைக்கு நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்னு சொல்ல வேண்டியதாச்சு. துறைத் தலைவர் பதவி விலகினார். அந்த சிடிகளில் பாஸ்வேர்டு இருந்துச்சு, மறையாக்கம் இல்லை.

இந்த வித்தியாசத்தை நல்லா மனசுல வச்சுக்குங்க மக்களே. பாஸ்வேர்டுங்கிறது வாசல்ல நின்னு "நீ யாரு?"ன்னு கேட்கிற ஆள். மறையாக்கம்ங்கிறது உள்ளே இருக்கிற புத்தகத்தையே யாருக்கும் புரியாத பாஷையில எழுதி வைக்கிறது. காவல்காரனை ஏமாத்திட்டு ஜன்னல் வழியா உள்ளே போயிடலாம். பாஷை தெரியாம புத்தகத்தைப் படிக்க முடியாது. டிஸ்க் விஷயத்துல நம்ம கம்பெனிங்க பல வருஷமா காவல்காரனைக் காட்டி, பாஷைன்னு சொல்லி வித்துட்டிருந்தாங்க.

டப்பாவைத் திறந்து பார்த்தவர்கள்

2008 பிப்ரவரி. ஜெர்மனியின் ஹைஸ பத்திரிகைக்காரங்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் பெட்டியைச் சோதிச்சாங்க. ஆர்எஃப்ஐடி சாவிக்கொத்தைக் கிட்ட காட்டினா திறக்கும், 128 பிட் ஏஇஎஸ்னு விளம்பரம். உள்ளே பார்த்தா, ஏஇஎஸ் இருந்தது அந்தச் சாவிக்கொத்து சமாச்சாரத்துக்கு மட்டும்தான். டிஸ்க்கில் எழுதற டேட்டாவுக்கு வெறும் எக்ஸார். அதுவும் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரே 512 பைட் துண்டு. நம்ம ஆளுங்களுக்கு இது எவ்வளவு பெரிய காமெடின்னு சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்கு: புது டிஸ்க்கில் காலியா இருக்கிற இடம் முழுக்க பூஜ்யம். பூஜ்யத்தோட சாவியை எக்ஸார் பண்ணினா வர்றது சாவியேதான். அதாவது, பூட்டோட சாவியை வீட்டுச் சுவர் முழுக்க ஆயிரம் தடவை அச்சடிச்சு ஒட்டி வச்சிருக்காங்க :-)

2010 ஜனவரி. ஜெர்மனியின் சிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கிங்ஸ்டன், சான்டிஸ்க், வெர்பேட்டிம் மூணு பேரோட யூஎஸ்பி டிரைவ்களை ஆராய்ஞ்சது. சும்மா டிரைவ் இல்லை, எஃப்ஐபிஎஸ் 140-2 இரண்டாம் நிலை அரசுச் சான்றிதழ் வாங்கினது. உள்ளே நிஜமாவே ஏஇஎஸ் இருந்தது. ஆனா பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற வேலையைச் செஞ்சது கம்ப்யூட்டரில் ஓடற புரோகிராம். பாஸ்வேர்டு சரின்னா, டிரைவுக்கு "திற"ன்னு ஒரு பைட் வரிசையை அனுப்பும். அந்த வரிசை எல்லார் டிரைவுக்கும், எல்லா பாஸ்வேர்டுக்கும் ஒண்ணே ஒண்ணுதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டா பாஸ்வேர்டே தேவையில்லை. சான்றிதழ் ஏஇஎஸ்ஸைப் பார்த்துச்சு, வாசல் வழியைப் பார்க்கலை.

2015ல் மூணு ஆராய்ச்சியாளர்கள் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், மை புக் வகை டிஸ்க்குகளைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. அதுல மறையாக்கம் செய்யறது டிஸ்க் இல்லை, யூஎஸ்பிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பாலச் சில்லு. ஒரே பேரில் விற்கிற டிஸ்க்குக்குள்ள வேற வேற கம்பெனிச் சில்லுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஓட்டை. ஒண்ணுல சாவியை உருவாக்குற தற்செயல் எண் முறை பலவீனம், அதனால சாவியை ஊகிக்கலாம். இன்னும் சிலதுல சாவியைப் பாதுகாக்க எல்லா டிஸ்க்குக்கும் பொதுவான ஒரு நிலையான சாவி. 256 பிட் சாவிதான், ஆனா அதை உருவாக்கினவனுக்கு எண்ணத் தெரியலை.

2018ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் கார்லோ மையரும் பெர்னார்ட் வான் கஸ்டலும் எஸ்எஸ்டிகளை எடுத்தாங்க. குரூஷியல், சாம்சங் மாடல்கள். சாம்சங் டி3, டி5 கையடக்க டிஸ்க்குகளும் பட்டியல்ல உண்டு. சில மாடல்களில் பயனர் குடுக்கிற பாஸ்வேர்டுக்கும் டேட்டாவைப் பூட்டற சாவிக்கும் நடுவில் எந்தச் சம்பந்தமும் இல்லை. உள்ளே இருக்கிற ஃபர்ம்வேரை மாத்தி, "பாஸ்வேர்டு சரியா?"ங்கிற கேள்விக்கு எப்பவும் "ஆமா"ன்னு பதில் சொல்ல வச்சா முடிஞ்சுது. திரும்பவும் அதே காவல்காரன் கதை.

சரி, இதெல்லாம் பழசு, இப்போ திருந்தியிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா? 2022 ஜூனில் அதே சிஸ் நிறுவனத்தின் மத்தியாஸ் டீக், நம்பர் பொத்தான் வச்ச வெர்பேட்டிம் டிரைவ்களில் ஓட்டைகளை வெளியிட்டார். ஏஇஎஸ் இருந்துச்சு, ஆனா இசிபி முறையில். அப்படீன்னா ஒரே மாதிரி டேட்டாத் துண்டு வந்தா பூட்டின பிறகும் ஒரே மாதிரிதான் தெரியும். கோலத்தோட புள்ளிகளுக்கு வேற கலர் அடிச்ச மாதிரி, கோலம் என்னன்னு அப்பவும் தெரியும். டிஸ்க்குக்கு இது ஆகாதுன்னு 2007லேயே எக்ஸ்டிஎஸ் முறையைத் தரமா எழுதி வச்சுட்டாங்க. 20 தடவை தப்பா அடிச்சா பூட்டிக்கும்னு சொன்னதும் சொன்னபடி நடக்கலை.

2008, 2010, 2015, 2018, 2022. அஞ்சு தடவையிலும் யாரும் ஏஇஎஸ்ஸை உடைக்கலை. அதைச் சுத்திக் கட்டின மண் சுவரைத்தான் உடைச்சாங்க. ரொம்பக் கொடுமை என்னன்னா, வாங்கினவனுக்கு வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது. கேட்ட பாஸ்வேர்டைக் குடுத்தா திறக்குது, தப்பாக் குடுத்தா திறக்கலை. நல்ல பூட்டும் ஓட்டைப் பூட்டும் அச்சு அசலா ஒரே மாதிரிதான் நடந்துக்கும்.

பூட்டோட படத்தை ஊருக்கே காட்டு

1883ல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒண்ணுல எழுதின கட்டுரையில் ஒரு விதி சொன்னார். பூட்டு எப்படி வேலை செய்யுதுங்கிறது எதிரி கையில மாட்டினாலும் கவலை இருக்கக் கூடாது, சாவி மட்டும்தான் ரகசியமா இருக்கணும். டப்பாவுக்குள்ள சில்லை வச்சு ஒட்டிட்டு "நம்புங்க சார்"னு சொல்றது இதுக்கு நேர் எதிர்.

இதுக்கு மாற்று, டிஸ்க் எதுவா இருந்தாலும் பூட்டை மென்பொருளில் போடறது. 2004 பிப்ரவரியில் வந்த ட்ரூகிரிப்ட் அப்படித்தான் பிரபலம் ஆச்சு. 1999ல் பால் லெ ரூ எழுதின இ4எம் என்ற மென்பொருளின் நிரல்தான் அதுக்கு அடித்தளம். 2008ல் பிரேசில் போலீஸ், "சத்தியாகிரகா"ன்னு பேர் வச்ச ஒரு விசாரணையில் (நிஜமாவே காந்தியோட வார்த்தைதான்!) ஒரு வங்கியாளர் வீட்டில் 5 ஹார்ட் டிஸ்க்குகளைப் பறிமுதல் செஞ்சாங்க. அவங்களால திறக்க முடியலை. எஃப்பிஐ ஒரு வருஷம் வச்சு முயற்சி பண்ணிட்டு 2010ல் திருப்பி அனுப்பிட்டாங்க. நல்ல பாஸ்வேர்டும் ஒழுங்கான மென்பொருளும் சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இது உதாரணம். அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள்ள நான் போகலை.

ஆனா 2014 மே 28 அன்னைக்கு ட்ரூகிரிப்ட் திடீர்னு கடையை மூடிடுச்சு. "இது பாதுகாப்பானதில்லை, வேற எதுக்காவது மாறிக்கோங்க"ன்னு தளத்தில் எழுதிட்டு, பேர் கூடச் சொல்லாத அந்த ஆசிரியர்கள் காணாம போயிட்டாங்க. எல்லாருக்கும் வயித்துல புளி கரைஞ்சுது. நல்லவேளை, நிரல் பொதுவில் இருந்ததால் தணிக்கை ஏற்கெனவே நடந்துட்டிருந்தது. 2015 ஏப்ரலில் வந்த முடிவு: சில குறைகள் உண்டு, பின்வாசல் எதுவும் இல்லை. 2013லேயே அதிலிருந்து கிளைச்ச வெராகிரிப்ட் அந்தக் குறைகளைச் சரி பண்ணிக்கிட்டே வருது. ஆசிரியர் ஓடிப் போனாலும் மென்பொருள் சாகலை. டப்பாச் சில்லில் இது நடக்குமா?

விண்டோஸில் பிட்லாக்கர் விஸ்டாவோட வந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கான பிட்லாக்கர் டு கோ 2009ல் விண்டோஸ் 7 கூட. அதுலயும் ஒரு ட்விஸ்ட். டிஸ்க்கே "எனக்கு மறையாக்கம் தெரியும்"னு சொன்னா, பிட்லாக்கர் வேலையை அதுகிட்டயே விட்டுட்டு ஓரமா உட்கார்ந்துக்கும். 2018 ராட்பவுட் முடிவுக்கு அப்புறம்தான் விழிச்சாங்க. 2019 செப்டம்பர் அப்டேட்டில் இருந்து, டிஸ்க் சொல்றதை நம்பாம தானே மறையாக்கம் செய்யறதை வழக்கமாக்கிட்டாங்க. மைக்ரோசாஃப்டே டிஸ்க் கம்பெனி பேச்சை நம்பறதில்லைன்னா, நம்ம மட்டும் ஏன் நம்பணும்?

பூட்டு ஜெயிச்சா நாம தோத்தோம்

இப்போ இன்னொரு பக்கம். ஸ்டெஃபான் தாமஸ்னு ஒரு புரோகிராமர். 2011ல் பிட்காயின் பத்தி ஒரு வீடியோ செஞ்சு குடுத்ததுக்குக் கூலியா 7,002 பிட்காயின் கிடைச்சுது. சாவியை அயர்ன்கீ என்ற மறையாக்க யூஎஸ்பி டிரைவில் போட்டார். பாஸ்வேர்டு எழுதின தாளைத் தொலைச்சுட்டார். அந்த டிரைவ் 10 தடவைதான் வாய்ப்பு குடுக்கும். 2021 ஜனவரியில் இந்தக் கதை நியூயார்க் டைம்ஸில் வந்தப்போ 8 வாய்ப்பு முடிஞ்சிருந்தது. அப்போதைய விலையில் அது 20 கோடி டாலருக்கு மேல.

பூட்டு தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. அவர் திருடன் இல்லைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

இதைப் படிக்கும்போது எனக்குப் பணம் பெரிசாத் தெரியலை. நம்ம பேக்கப் டிஸ்க்கில் என்ன இருக்கு? அப்பாவோட கடைசிப் போட்டோ, அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டுப் பத்திரம், பத்து வருஷம் எழுதின பதிவுகள். நம்மில் பல பேர் புனைபெயரில் எழுதறோம். அந்தப் பேருக்குப் பின்னாடி யாருங்கிறதும் அந்த டிஸ்க்கிலதான் இருக்கு. ஒருத்தர் கண்ணில படக்கூடாதது பாதி, எந்தக் காலத்துலயும் அழியக்கூடாதது மீதி. நாளைக்கு நமக்கே ஏதாவது ஆச்சுன்னா வீட்டில இருக்கறவங்களால அதைத் திறக்க முடியுமா? திறக்க முடியாத போட்டோவும் எரிஞ்சு போன போட்டோவும் ஒண்ணுதான்.

அப்போ எதைத்தான் வாங்கறது?

வரலாறு எனக்குச் சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான்:

1. அட்டைப் பெட்டியில் உள்ள "256 பிட்"டுக்குக் கூடுதல் காசு குடுக்காதீங்க. சாதாரண நல்ல டிஸ்க் வாங்குங்க, பூட்டை மென்பொருளில் போடுங்க. விண்டோஸ் ப்ரோன்னா பிட்லாக்கர், மேக்கில் உள்ளேயே இருக்கிற டிஸ்க் மறையாக்கம், லினக்ஸில் லக்ஸ், ரெண்டு மூணு சிஸ்டத்துக்கு மாறி மாறி எடுத்துட்டுப் போறவங்களுக்கு வெராகிரிப்ட்.

2. பொத்தான் வச்ச டிஸ்க்தான் வேணும்னா (டிவி, ஆபீஸ் மெஷின்னு மென்பொருள் போட முடியாத இடத்துக்கு அதுவும் தேவைதான்), மாடல் பேரோட "ஓட்டை"ங்கிற அர்த்தத்தில் தேடிப் பாருங்க. வெளியாள் யாராவது பிரிச்சுப் பார்த்திருக்காங்களான்னு பாருங்க. முடிஞ்சா அதுக்குள்ளேயும் மென்பொருள் பூட்டு ஒண்ணு போடுங்க.

3. பாஸ்வேர்டை மூளையிலிருந்து எடுக்காதீங்க. 1995ல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு சொன்ன டைஸ்வேர் முறை இன்னைக்கும் பிரமாதம். தாயக்கட்டையை அஞ்சு தடவை உருட்டினா (ஆறு பக்கம் உள்ளது), 7776 வார்த்தைப் பட்டியலில் ஒரு வார்த்தை. இப்படி ஆறு வார்த்தை எடுத்தா போதும்.

4. அந்த ஆறு வார்த்தையையும், மீட்புச் சாவியையும் தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வேற இடத்தில் வைங்க. வீட்டில நம்பிக்கையான ஒருத்தருக்கு அந்த இடம் தெரிஞ்சிருக்கணும்.

5. மூணு நகல், ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வெளியூரில். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்தின 3-2-1 விதி. வெளியூருக்குப் போற நகலுக்குப் பூட்டு கட்டாயம்.

6. வேலை முடிஞ்சதும் டிஸ்க்கைக் கழட்டிடுங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை வந்தப்போ, மெஷினில் மாட்டியிருந்த டிஸ்க்கில் இருந்த கோப்புகளையும் சேர்த்துத்தான் பூட்டிட்டுப் போச்சு. அதுக்கு அது பயன்படுத்தினதும் இதே ஏஇஎஸ்தான், சாவி மட்டும் அவன்கிட்ட!

7. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பையாவது பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்க. பிக்ஸாரில் டேப் இருந்துச்சு, சோதிச்சுப் பார்க்க ஆள் இல்லை.

இதுல கடைசி ஒண்ணை மட்டுமாவது இந்த வார இறுதியில் செஞ்சுடுங்க. பேக்கப் எடுத்தவங்க நம்மில் நிறைய பேர் இருப்போம், அதைத் திறந்து பார்த்தவங்க கொஞ்சம் பேர்தான்.

டிஸ்கி: எந்த டிஸ்க் கம்பெனியும் எனக்குக் காசு குடுக்கலை. இந்தப் பதிவைப் படிச்ச பிறகு இனிமேலும் குடுக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன் :-) நீங்க எந்த மென்பொருளில் பூட்டி வச்சிருக்கீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பாஸ்வேர்டை மட்டும் சொல்லிடாதீங்க சாமி.